ஓடு பார்க்கிற விரல்

நண்டுச் சதையில் ஓடு தேடுவது என் வேலை.
குருநகரில், ஐஸ் நாறும் மண்டபத்தில்,
வெள்ளைத் தொப்பியும் பூட்ஸும் போட்டு
நாளுக்கு எட்டுக் கிலோ.
கண்ணால் பார்த்தால் பிடிபடாது.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
சதையை உருட்டவேணும்.
குறுணல் அளவு ஓடென்றாலும்
விரல் நின்றுவிடும்.

அந்த விரல்தான்
வைகாசியில் ஒருநாள் குளிக்கும்போது
இடது மார்பின் மேற்புறத்தில் நின்றது.

நான் பயப்படவில்லை.
அங்கே ஏற்கெனவே
வாடகை கொடாத ஒருவன் இருந்தான்.
தொண்ணூற்றைந்தில்
ஊரே எழும்பிப் போவதற்கு நாலு நாள் முன்னம்
குசினிக் கூரையைப் பிரித்துக்கொண்டு வந்தவன்.
எனக்குப் பதினாலு வயது, கையில் மா அரிதட்டு.
தைத்து அனுப்பினார்கள்:
'உள்ளே கிடக்கட்டும், அது ஒன்றும் செய்யாது.'
செய்யவில்லைதான்.
மாரியில் கொஞ்சம் குத்தும்.
பிள்ளைகள் இரண்டும் அந்தப் பக்கமும் குடித்துத்தான் வளர்ந்தன.

ஆகவே ஆனி போனது, ஆடி போனது,
மடுவுக்கும் போய் வந்தோம்.
செல் துண்டு இடம் மாறுது என்றேன் எட்வினிடம்.
வலை பொத்திக்கொண்டே
'இரும்பு நடக்குமோ?' என்றான்.
பகிடிக்குத்தான்.
அந்தக் கேள்வி ஆனால்
இரவில் நித்திரை கொள்ளவில்லை.

பெரியாஸ்பத்திரி. இருபத்தெட்டாம் இலக்கத் துண்டு.
வாங்கில் பதினொரு பெண்கள்;
ஒருவரும் மற்றவர் நெஞ்சைப் பார்க்கவில்லை.
டொக்டர் என்னைவிட இளையவள்.
மூன்று விரலைத் தட்டையாய் வைத்து
வட்டம் வட்டமாய் அமர்த்தினாள்.
பழகின விரல், எனக்குத் தெரியும்.
நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.
பிறகு கமக்கட்டுக்குள் போய்
அங்கேயும் ஒருதரம் நின்றது.

இரண்டு தட்டுக்கு நடுவே மார்பை நசுக்கி
மூச்சைப் பிடியுங்கோ என்றாள் ஒரு பிள்ளை.
திரையில் இரண்டு வெள்ளை.
ஒன்று கூராய், வெட்டினாற்போல.
மற்றது
பஞ்சில் சிந்தின பால் மாதிரி
விளிம்பில்லாமல், கால் பரப்பி.
கூரானதைக் காட்டி 'இதென்ன?' என்றாள் டொக்டர்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
'இதுவில்லை அக்கா. மற்றது.'

முப்பது வருசமாய்க் காவல் வைத்தது
பிழையான ஆளுக்கு.

ஊசி குத்தி எடுத்த இழைகள் மூன்று
போத்தலுக்குள் மிதந்து போயின.
பதினாறு நாள் விடை இல்லை.
பதினாறு நாளும் வேலைக்குப் போனேன்.
ஐந்தாம் நாள் என் தட்டில் மூன்று ஓடு தப்பிவிட்டது.
மேற்பார்வைக்காரி கலிஸ்ரா ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

'முழுதாய் எடுக்கவேணும்.'
துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினாள்:
வட்டம், உள்ளே புள்ளி, கமக்கட்டுக்கு ஒரு கோடு.
'செல் துண்டும் கூடவே போயிடும்.'
எனக்கு ஏனோ
அதற்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

புதன்கிழமை.
மோதிரம், சிலுவைச் சங்கிலி, கொண்டையூசி
எல்லாம் எட்வினின் சேட்டுப் பையில்.
உடம்பில் வேறு இரும்பு இருக்கோ என்று கேட்ட நேர்ஸ்
தானே சிரித்துவிட்டாள்.

பிறகு தொண்டை வறட்சி.
விலாவில் ஒரு குழாய், அதன் முனையில் போத்தல்;
அதைச் சந்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.
கட்டவிழ்த்த நாள் குனிந்து பார்த்தேன்.
வற்றுநீருக்குப் பண்ணைக் கரை கிடக்கிற மாதிரிக் கிடந்தது.
எட்வினும் பார்த்தான்.
'நான் வலை பொத்திறதைவிட நல்ல தையல்' என்றான்.
அழுதது அவன்தான்.

மூன்று கிழமையில் அறிக்கை வந்தது,
இங்கிலீசில் ஒரு பக்கம்.
இளையவன் எழுத்துக்கூட்டிச் சொன்னான்.
கட்டி, இரண்டு தசம் ஆறு சென்ரிமீற்றர்.
கமக்கட்டு நெறி பதினாலு; இரண்டில் நோய்.
அதற்குக் கீழே ஒரு வரி:
உலோகத் துண்டு ஒன்று, ஒன்பது மில்லிமீற்றர்.

எத்தனை கொமிசனுக்கு எத்தனை படிவம் நிரப்பினோம்!
குசினிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று.
முத்திரை குத்தின அரசாங்கக் கடதாசியில்
அந்தச் செல் வந்து விழுந்தது
இதுதான் முதல்தரம்.
லமினேற் பண்ணி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை தெல்லிப்பழை பஸ்.
மற்ற நாளில், கை வீங்காமலிருக்க,
சுவரோடு நின்று விரலால் ஏறவேணும்:
சுட்டுவிரல், நடுவிரல், சுட்டுவிரல்.
நண்டு மாதிரிப் போகுது என்கிறான் இளையவன்.
எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறான்.
நேற்றையது கலண்டருக்குக் கீழே.
இன்று
ஆணியைத் தொட்டது.